ஆபத்தை அளப்போர் யார்?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி நாள்களில் ‘டித்வா’ப் புயல் இலங்கையைக் கடந்து சென்றது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. புயல் கரையேறியது கிழக்குக் கடலோரத்தில்; ஆனால் இறந்தோரிற் பெரும்பாலோர் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை முதலிய உள்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தோர். நமது மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலுள்ள கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரை விஞ்சிய மழை பதிவாயிற்று. மலையைத் தாங்கி நின்ற மண் நீராய்க் கரைந்து ஓடியது.

வெள்ளம் வடிந்தபின் இரண்டு கூற்றுகளை நாம் எங்கும் கேட்டோம். ‘இஃது இயற்கையின் சீற்றம், மனிதன் என்ன செய்ய முடியும்?’ என்பது ஒன்று. ‘எச்சரித்தோம், மக்கள் கேட்கவில்லை’ என்பது மற்றொன்று. முதற் கூற்று பழியை வானத்தின்மேற் சுமத்துகின்றது. இரண்டாவது கூற்று பழியை இறந்தவர்மேற் சுமத்துகின்றது. வானத்தை விசாரணைக்கு அழைக்க இயலாது. இறந்தவரும் எழுந்துவந்து மறுமொழி கூறப்போவதில்லை. ஆதலால் இரண்டுமே சொல்வோர்க்கு வசதியான கூற்றுகள். இவ்விரண்டுக்கும் நடுவே மனிதர் எடுத்த முடிவுகள் நீண்ட வரிசையாய் நிற்கின்றன. எந்தச் சரிவை முதலிற் சோதிப்பது, எந்தக் குடியிருப்பை இடம்பெயர்ப்பது, எது இன்னும் ஓராண்டு பொறுக்கும், எவ்வளவு மழை பெய்தபின் மக்களை எழுப்புவது என்பன யாவும் மனித முடிவுகளே. இம்முடிவுகளை ஓர் ஒழுங்கினுள் அடக்கும் முறையை இடர்நேர்வு மதிப்பீடு என்று வழங்குகின்றனர். அம்முறையின் அறம் யாது, அதனை எவ்வாறு திருத்தலாம் என்பதே இங்கு நாம் ஆராய விழையும் பொருள்.

இந்நாட்டில் மண்சரிவைப் பொறுத்தமட்டில் அப்பணியைச் செய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1984இல் தோன்றிய அந்நிறுவனம், 1990இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையத் தொடங்கியது. பின்னர் மாத்தளை உட்பட ஏனைய மலைப்பாங்கான மாவட்டங்களுக்கும் அவ்வேலையை விரித்தது. பாறையின் அமைப்பு, அதன்மேற் படிந்த மண்ணின் தன்மை, சரிவின் சாய்வு, நீர் ஓடும் வழி, நிலத்தின் உருவம், நிலத்தை மனிதர் பயன்படுத்தும் விதம் ஆகிய ஆறு காரணிகளுக்கும் தனித்தனியே நிறை இட்டுக் கூட்டி, ஒவ்வொரு நிலத்துண்டும் சரியக்கூடிய வாய்ப்பை அப்படங்கள் தரப்படுத்துகின்றன. மழைக் காலத்தில் மூன்று படியான எச்சரிக்கை உண்டு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், உடனே வெளியேற வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலையமும், மாவட்டச் செயலாளரும், கிராம உத்தியோகத்தரும் இவ்வெச்சரிக்கையை மக்களிடம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இவ்வேற்பாட்டை நாம் இழித்துரைக்க வரவில்லை. ‘தலைவிதி’ என்று கைகட்டி நின்ற காலத்திலிருந்து ‘இத்தனை மில்லிமீற்றர்’ என்று கணக்கிடும் காலத்துக்கு வந்தமை பெரும் முன்னேற்றம். மழையை அளக்கத் தொடங்கிய சமூகம் மரணத்தைக் கடவுளின் கணக்கிலிருந்து மனிதனின் கணக்கிற்கு மாற்றத் தொடங்கிவிட்டது. விஞ்ஞானத்தின் பக்கம் நிற்போர் இந்த மாற்றத்தை வரவேற்கவே செய்வர்.

தரப்படுத்துதலே பாவம் என்று சில நல்லுள்ளம் படைத்தோர் கருதுகின்றனர். ஒவ்வோர் உயிரும் விலைமதிப்பற்றது, ஆகவே எது முந்தி எது பிந்தி என்று வரிசைப்படுத்தலாகாது என்பது அவர் வாதம். உணர்ச்சியளவில் அது சரியே. ஆயினும் சோதனை செய்யும் பொறியியலாளர் சிலர். சோதிக்கப்பட வேண்டிய சரிவுகளோ ஆயிரக்கணக்கில். இந்நிலையில் வரிசை வகுக்க மறுப்பதால் வரிசை இல்லாமற் போவதில்லை. செல்வாக்குள்ளவன் தொலைபேசியில் அழைக்கிறான். அவன் வீட்டுச் சுவர் முதலிற் சோதிக்கப்படுகிறது. பெருந்தெரு ஓரத்துக் கடைத்தெரு முதலிற் கண்ணிற் படுகிறது. ஒற்றையடிப் பாதையின் முடிவிலுள்ள லயம் கடைசியிற் படுகிறது. எழுதப்பட்ட வரிசை இல்லாத இடத்தில் எழுதப்படாத வரிசை ஆட்சி செய்யும். எனவே அளப்பதும் தரப்படுத்துவதும் ஏழைக்குத் துணையாகவே இருக்கக்கூடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மற்றோர் உண்மையும் தெரியும்: கொழுந்தை நிறுக்கும் இடத்தில் தராசு பொய் சொல்வதில்லை, தராசைப் பிடிக்கும் கைதான் கழிவு போடுகின்றது. ஆகவே, எந்தக் கை அளக்கின்றது, எதனை எண்ணுகின்றது, எதனைக் கழிக்கின்றது என்று கேட்பது விஞ்ஞானத்துக்கு விரோதமான கேள்வி ஆகாது.

* * *

ஆபத்து என்பதை இரண்டு எண்களின் பெருக்கமாகக் கொள்வது இத்துறையின் வழக்கம். தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று. நேர்ந்தால் விளையும் இழப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் எண்ணை மலை தருகிறது: சாய்வும் மண்ணும் நீரும் எவர் செல்வந்தர், எவர் வறியர் என்று பார்ப்பதில்லை. இரண்டாவது எண்ணைச் சமூகம் தருகிறது. இழப்பைக் கட்டடத்தின் பெறுமதியால் அளந்தால், மாடி வீடு ஒன்று பத்து லயக் காம்பராக்களுக்குச் சமமாகிவிடும். நூறாண்டுக்கு முன் கட்டப்பட்ட தகரக் கூரைக்கு என்ன பெறுமதி எழுதுவது? அக்கூரையின் கீழ் ஆறு பேர், எட்டுப் பேர் உறங்குகின்றனர் என்பது பெறுமதிப் பத்தியில் இடம்பெறாது. இவ்வாறு கணக்கு எழுதுபவர் எவரிடமும் கெட்ட எண்ணம் இல்லாமலே, ஏழையின் மரணம் சிறிய இழப்பாக மாறிவிடுகின்றது. பத்தியின் தலைப்பை வகுத்தபோதே அநீதி நுழைந்துவிட்டது. அதன்பின் எத்துணைத் துல்லியமாகக் கூட்டினாலும் விடை அநீதியாகவே வரும்.

அடுத்து, ‘ஏற்கத்தக்க ஆபத்து’ என்ற சொற்றொடரைக் கவனிப்போம். முழுமையான பாதுகாப்பு எங்கும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஏற்பவர் யார்? மலையேறி இன்பம் காண்பவன் தன் ஆபத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறான். லயத்தில் பிறந்தவன் எதனைத் தேர்ந்தெடுத்தான்? லயம் எங்கே கட்டப்படவேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை வந்து சேர்ந்த கோப்பிக் காலத்துக் கூலித் தொழிலாளரை எவரும் இடம் காட்டி ‘இங்கு குடியிருக்கச் சம்மதமா?’ என்று கேட்கவில்லை. அவர்தம் சந்ததியாரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது; அந்தச் சிக்கல் முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தன் பெயரிற் காணி இல்லாதவன், நெடுங்காலம் வாக்கு இல்லாதவன், சபையிற் பங்கு இல்லாதவன் தன் காம்பராவுக்குப் பின்னால் நிற்கும் சரிவை ‘ஏற்றுக்கொண்டான்’ என்று எந்த ஒழுக்கவியல் கூறும்?

இவ்விடத்தில் இங்கிலாந்தின் அனுபவம் ஒரு வெளிச்சம் தருகின்றது. அங்குள்ள தொழிற் பாதுகாப்பு நிறுவனம் அணு மின்னிலையங்களைக் குறித்து 1988இல் வெளியிட்ட ஆவணத்தில், பொறுத்துக்கொள்ளக்கூடிய மரண ஆபத்தின் மேல் எல்லையைத் தொழிலாளிக்கு ஆண்டொன்றில் ஆயிரத்தில் ஒன்று எனவும், பொதுமக்களுக்குப் பதினாயிரத்தில் ஒன்று எனவும் வகுத்தது. பொதுமகனுக்கு எல்லை பத்து மடங்கு கடுமையானது. தொழிலாளி ஊதியம் பெறுகிறான், ஆபத்தை அறிந்து வேலைக்கு வருகிறான் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அந்த நியாயத்தையே ஏற்று, மலையகத்தை நோக்கி ஒரு கேள்வி எழுப்புவோம்: லயத்தில் உறங்கும் குழந்தை தொழிலாளியா, பொதுமகனா? ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடிந்தவுடன் தொழிலாளி வாயிலைக் கடந்து பொதுமகனாகிவிடுகிறான். தோட்டத்தில் அந்த வாயிலே இல்லை. வேலைத்தலமும் வீடும் ஒரே நிருவாகத்தின் ஒரே சரிவில் அமைந்திருப்பதால், கொழுந்து பறிக்காத கிழவியும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும், தொட்டிலில் கிடக்கும் சிசுவும் ஊதியமின்றியே தொழிலின் ஆபத்தைச் சுமக்கின்றனர். நம் நாட்டு மதிப்பீட்டு முறை இந்த வேற்றுமையை முதலில் உணரவேண்டும் என்பது நமது கருத்து.

மூன்றாவதாக, அனுமதி முறையைப் பார்ப்போம். மண்சரிவு அபாயமுள்ள பிரதேசங்களிற் புதிதாக வீடு கட்ட விரும்புவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர்நேர்வு அறிக்கையைப் பெறவேண்டும் என்பது 2011 முதல் விதி. நல்ல விதிதான். ஆனால் விண்ணப்பிப்பவன்தான் அந்த முறையின் கண்ணிற் படுவான். காணியும் பணமும் உள்ளவன் கட்டுகிறான், கட்டுபவன் விண்ணப்பிக்கிறான், விண்ணப்பிப்பவனின் நிலம் சோதிக்கப்படுகிறது. லயத்தில் வாழ்பவன் எதையும் கட்டுவதில்லை. அவன் பாட்டனுக்காகக் கட்டப்பட்டதில் ஒடுங்கிக் கிடக்கிறான். அவனிடம் நிரப்புவதற்குப் பத்திரமே இல்லை. இனிக் கட்டப்படப் போகும் வீட்டைக் கவனமாய்க் காக்கும் ஒழுங்குமுறை, இன்று மக்கள் உறங்கும் வீட்டை விண்ணப்பம் வராத காரணத்தால் மறந்துவிடும் ஆபத்து இதில் அடங்கியிருக்கிறது.

* * *

எச்சரிக்கையின் கதை இன்னும் கசப்பானது. பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது, மக்கள் அங்கேயே இருந்தனர். அவர்கள் போவதற்கு இடம் எது, கட்டுவதற்குக் காணி எது, பணம் எவருடையது, மேற்பார்வை எவர் கடமை என்ற நான்கு கேள்விகளுக்கும் பெயர் சொல்லி விடை எழுதப்படவில்லை. ‘இடம்பெயர்க்கப்பட வேண்டும்’ என்று எழுவாய் இல்லாமல் எழுதப்பட்ட வாக்கியம் எவரையும் கடமைப்படுத்தாது. இலக்கணம் கற்ற மாணவன் இதனை எளிதில் உணர்வான்: எழுவாய் மறைந்த வாக்கியத்தில் பொறுப்பும் மறைந்துவிடுகின்றது.

கடலுக்கு அப்பாலும் இதே லயம், இதே சரிவு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில், 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மண் மூடி 70 பேர் மாண்டனர்; அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். வேறு அரசு, வேறு சட்டம். ஆயினும் தேயிலையின் பொருளாதாரம் மனிதரை நிறுத்திவைத்த இடம் ஒன்றே.

வேல்ஸ் நாட்டின் அபர்பான் கிராமத்தை நினைவுகூர்வது இங்குப் பொருத்தம். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, சுரங்கக் கழிவு மலை ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பள்ளியின் பின்புறம் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர்ச் சபையின் பொறியியலாளர் 1963இலேயே கடிதம் எழுதியிருந்தார். கழிவு மலை ஊற்றின்மேற் கொட்டப்பட்டிருந்தது என்பது ஊராருக்குத் தெரியும். விசாரணை மன்றம் 1967இல் பழியைத் தேசிய நிலக்கரிச் சபைமேற் சுமத்தியது. எனினும் எவரும் தண்டிக்கப்படவில்லை. எஞ்சிய கழிவு மலைகளை அகற்றும் செலவுக்கு, உலக மக்கள் துயருற்றோருக்கு அனுப்பிய நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அப்பணம் 1997இல்தான் திருப்பித் தரப்பட்டது. நிலக்கரிச் சபையோ தேசியமயமாக்கப்பட்ட ஒன்று. தனியுடைமை ஒழிந்தால் மட்டும் போதாது, ஆபத்தைச் சுமப்போரின் குரல் நிருவாகத்தினுள் நுழையவும் வேண்டும் என்ற பாடத்தை முற்போக்காளராகிய நாமும் மறக்கலாகாது. நம் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. இரண்டு காலத்திலும் லயங்களிற் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்றன.

ஹொங்கொங் நகரம் வேறொரு பாடம் புகட்டுகிறது. 1972 ஜூன் 18ஆம் திகதி ஒரே நாளில் அங்கு இரண்டு சரிவுகள் நேர்ந்தன: ஒன்று ஏழைகளின் குடியிருப்பில், மற்றொன்று செல்வர் வாழும் மாடிகளில். 138 பேர் மாண்டனர். ஏழைகளின் அதே பகுதியில் 1976இல் மீண்டும் சரிவு நேர்ந்து 18 பேர் இறந்தபின், 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் நிறுவப்பட்டது. மனிதர் வெட்டிய ஏறத்தாழ 60,000 சரிவுகள் பட்டியலிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதனைப் பேணும் பொறுப்பு எவருடையது என்பதை எவரும் கேட்டு அறியலாம். அன்று தொட்டு மண்சரிவு மரணங்கள் பெருமளவு குறைந்தன. மழை குறையவில்லை, மலை தாழவில்லை, பொறுப்புக்கு இலக்கமும் உரிமையாளனும் கிடைத்தமையே வேறுபாடு.

* * *

இவற்றிலிருந்து சில திருத்தங்களை முன்வைக்க விரும்புகிறோம்.

முதலாவதாக, இழப்பைக் கட்டடத்தின் பெறுமதியால் அளவாது தலை எண்ணிக்கையால் அளக்கவேண்டும். அதுவும் இரவின் எண்ணிக்கையால். பகலில் மலையில் கொழுந்து பறிப்போர் இரவில் லயத்தில் இருப்பர். பகல் நேரத்தில் வரும் அதிகாரி காணும் வெறிச்சோடிய லயம் உண்மையான லயம் அன்று.

இரண்டாவதாக, விண்ணப்பத்துக்குக் காத்திராமல், உயர் அபாய வலயத்துள் அமைந்த எல்லா லயங்களும் தாமாகவே சோதிக்கப்படவேண்டும். சரிவு பாதுகாப்பானது என்று நிறுவும் பாரம் நிலத்தை ஆள்வோர் தோளில் இருக்கவேண்டும். 1949இல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மரணம் பற்றிய வழக்கில் ஆங்கில நீதிமன்றம் இத்தகைய நெறியையே வகுத்தது: ஆபத்தையும் அதனைத் தடுக்கும் செலவையும் தராசில் இட்டுப் பார்க்கலாம், ஆனால் செலவு ஆபத்தைவிடப் பன்மடங்கு மிகுந்தது என்று காட்டவேண்டியவர் உரிமையாளரே. இங்கோ தன் வீடு ஆபத்தில் உள்ளது என்று நிரூபிக்க அலைபவன் தொழிலாளியாக இருக்கிறான். இம்முறை தலைகீழாக வேண்டும்.

மூன்றாவதாக, ‘உயர் ஆபத்து’ என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும், என்ன செய்யப்படவேண்டும், எவர் செய்யவேண்டும், எத்திகதிக்குள் செய்யவேண்டும் என்ற மூன்றும் இடம்பெறவேண்டும். அது பிரட்டுக்களத்திலும், பள்ளிக்கூடத்திலும், கோயில் வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படவேண்டும். குறித்த திகதி தவறினால், தவறியதன் காரணம் அதே இடத்தில் எழுத்தில் வரவேண்டும்.

நான்காவதாக, எச்சரிக்கை என்பதன் வரைவிலக்கணம் மாறவேண்டும். டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கைகள் காலந்தாழ்ந்து வந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. புரியாத மொழியில் வந்த எச்சரிக்கை, விடுத்தவரின் கோவையில் எச்சரிக்கையாகலாம். கேட்டவனுக்கு அது வெறும் ஒலி. புரிந்தாலும் போதாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை; பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இந்நிலையில் மூன்று முறை வெளியேறி, மூன்று முறையும் மலை சரியாமல் நின்றால், நான்காம் முறை ஒரு தாய் எவ்வாறு முடிவு செய்வாள்? அவள் அறியாமையால் தங்குகிறாள் என்பது அவளை அறியாதார் கூற்று. அவளும் ஆபத்தைக் கணக்கிடுகிறாள்: மண் சரிவது ஒருவேளை, சம்பளம் போவது உறுதி. வெளியேறும் நாளின் கூலியும், செல்லும் இடமும், ஏற்றிச் செல்லும் வாகனமும், அங்கே உணவும் உறுதி செய்யப்படாதவரை எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே.

ஐந்தாவதாக, மதிப்பீடு செய்யும் இடத்தில் அங்கு வாழ்வோர்க்கு ஆசனம் வேண்டும். நிலத்தில் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, திடீரென்று கலங்கும் பீலித் தண்ணீர், சாயும் மரம், திறக்க மறுக்கும் கதவு ஆகியவற்றை முதலிற் காண்பவர்கள் அந்தச் சரிவில் நாள்தோறும் நடக்கும் பெண்களே. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவும், பதிவுக்கு இத்தனை நாளுக்குள் விடையளிக்கவும் விதி வேண்டும். படம் தவறு என்று கருதுவோர் மறுசோதனை கோரும் உரிமையும் வேண்டும்.

ஆறாவதாக, ஒவ்வொரு பெருமழையின் பின்னும், படம் எங்கே சரியாகச் சொன்னது, எங்கே பிழைத்தது என்ற ஆய்வு பகிரங்கமாக நடைபெறவேண்டும். 150 மில்லிமீற்றர் என்ற எல்லை கடந்தகால மழையிலிருந்து கற்ற பாடம். வெப்பமேறும் உலகில் ஒரு நாளில் 500 மில்லிமீற்றர் கொட்டும்போது, சிவப்பு எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள நேரம் சுருங்கிவிடுகின்றது. கற்ற பாடத்தை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதுவதே விஞ்ஞானம்.

* * *

இவற்றுக்கு எழும் தடைகளை நாம் அறியாமலில்லை. ‘பணம் எங்கே?’ என்பது முதல் தடை. வறிய நாட்டில் அது நியாயமான கேள்வி. ஆயினும் மேலே கூறியவற்றுட் பல பணம் கோருவன அல்ல. தலை எண்ணுவதும், பொறுப்பாளர் பெயரை எழுதுவதும், அறிக்கையைத் தமிழில் ஒட்டுவதும் எந்தத் திறைசேரியையும் வெறுமையாக்கா. உண்மையிலேயே பணம் வேண்டுவது காணியும் வீடும். அங்கும் ஒன்றைக் கணக்கிட வேண்டும்: சரிவுக்கு முன் செய்யும் செலவைச் சுட்டிக்காட்டித் தயங்குவோர், சரிவுக்குப் பின் மீட்புக்கும் முகாமுக்கும் இழப்பீட்டுக்கும் ஆகும் செலவைப் புயலின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். செலவு இல்லாமற் போகவில்லை. கணக்குப் புத்தகந்தான் மாறியது.

‘மக்களே வெளியேற மறுக்கின்றனர்’ என்பது இரண்டாவது தடை. பத்து மைலுக்கு அப்பால் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினால், வேலை, பள்ளிக்கூடம், தண்ணீர், உறவு யாவற்றையும் விட்டுப் பெயர வேண்டியவன் தயங்குவது மனித இயல்பு. உறுதிப்பத்திரம் இல்லாத புதிய வீடு, முகவரி மாறிய பழைய லயமே என்பதையும் அவன் அறிவான். தன் பெயரிற் காணி, நடக்கும் தூரத்தில் வேலை, அயலவரோடு சேர்ந்த குடியேற்றம் என்று கேட்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் மறுக்கிறானா என்று பார்ப்போம்.

‘ஆபத்தின் பட்டியலை வெளியிட்டால் பீதி பரவும்’ என்பது மூன்றாவது தடை. தன் தலைக்குமேல் தொங்கும் பாறையைப் பற்றி அறியும் தகுதி தொழிலாளிக்கு இல்லை என்ற பழைய துரைத்தனத்தின் எச்சம் இது. அறிந்தவன் அஞ்சலாம், அறிந்தவன் ஒன்றுகூடவும் செய்வான். சில வேளைகளில் அதிகாரம் அஞ்சுவது இரண்டாவதற்கே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் தனிப்பட்ட பணி உண்டு. மழை பெருகும் இரவில் மலையக மக்கள் அடைக்கலம் புகுவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான். அந்தப் பள்ளிக்கூடமே எந்த வலயத்தில் நிற்கின்றது என்று கேட்டறிவது நமது முதற் கடமை. புவியியல் வகுப்பில் தொலைதூரத்து எரிமலையைக் கற்பிக்கும் நாம், இறத்தோட்டையின் சரிவையும் எல்கடுவவின் ஓடையையும் கற்பிக்கலாகாதா? எளிய மழைமானி ஒன்றை முற்றத்தில் வைத்து, நாள்தோறும் அளந்து, கரும்பலகையின் ஓரத்தில் எழுதும் மாணவன் 75க்கும் 150க்கும் உள்ள பொருளை உணர்வான். அவன் வீட்டுக்குச் சென்று சொல்லும் சொல், வானொலியின் சொல்லைவிட விரைவாக நம்பப்படும். மேலும், அறிக்கையைப் படிக்கவும், கடிதம் எழுதவும், விடை வராதபோது மீண்டும் எழுதவும் தெரிந்த ஒரு தலைமுறை இன்று லயங்களிலேயே வளர்ந்திருக்கிறது. அவர்தம் கல்விக்கு இதனினும் பயனுள்ள சோதனை வேறு எது?

அளவுகள் தேவை. படங்கள் தேவை. பொறியியலாளரும் தேவை. அவற்றோடு, அளக்கப்படுபவரும் அளவுகோலின்மேல் ஒரு கை வைக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஓர் ஆபத்தை ஏற்கலாமா என்று முடிவு செய்பவர் அந்தச் சரிவின்கீழ் ஓர் இரவாவது உறங்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அங்கே எல்லா இரவும் உறங்குவோரைக் கேட்காமல் முடிவு செய்யாதிருக்கட்டும் என்றே கேட்கிறோம். அடுத்த பருவமழைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. அடுத்த அறிக்கைக்கும் நாள் குறிக்கப்பட வேண்டும். அதில் எழுவாயும் இருக்கவேண்டும்.